கொண்டைமலையில் பூச்சி பார்த்த வருடம்

2024 மார்ச் 5, செவ்வாய்

இன்று நிறை பார்க்கும் நாள். தேயிலை மலைக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகும் இந்தப் பிள்ளைக் காம்பராவில் இருபத்து மூன்று பிள்ளைகள். ஒவ்வொன்றாகத் தராசில் தொங்கவிட்டு இறக்கி முடிப்பதற்குள் மழை பிடித்துவிட்டது. பதினான்கு பேருடைய கோடு அட்டையில் போன மாதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வீரம்மா மகள் நிலக்ஷிக்கு நாலு வயது முடிந்துவிட்டது. பத்தே முக்கால் கிலோ. தை மாதமும் பத்தே முக்கால்தான்.

மிட்வைஃப் மிஸ் உதட்டைப் பிதுக்கினார். "தாய்மார் மலைக்குப் போயிட்டா யாரு சாப்பாடு குடுக்கிறது? காலையில ஒரு ரொட்டி, அவ்வளவுதான்."

மத்தியானச் சோறு போடுவது நான்தானே. பருப்பு, கீரை, கிழமைக்கு இரண்டு நாள் முட்டை. நிலக்ஷி தட்டை வழித்து வைப்பாள். வைத்த கையோடு போய்ச் சுவரோரம் உட்கார்ந்து சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பாள். அதற்காக வீரம்மா அவளை அடிக்காத அடி இல்லை.

தின்கிறதெல்லாம் எங்கே போகிறது?

மார்ச் 8

அதே கேள்வியைத் தோட்டத்தில் வேறு மாதிரிக் கேட்கிறார்கள். ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியில் குடம் பிடிக்கும்போது என் காதுபடவே: "புள்ளைங்களுக்கு வர்ற சத்துமா டீச்சர் வூட்டுக்குப் போவுதாம்." ஒன்பது வருஷமா இந்தப் பிள்ளைக் காம்பராவப் பாக்குறேன். ஒரு கரண்டி மா எடுத்திருந்தா என் கை வெளங்காம போகட்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குத் தேயிலை ஆலையில், நாங்கள் ஸ்டோர் என்போம், கொழுந்து வாட்டுகிற வேலை. பேச்சுக் குறைவு. "சொல்றவன் சொல்லிட்டுப் போறான் ஜெயந்தினி. நீ ஏன் இப்படி வெளுத்துப் போய் இருக்க?" என்றார்.

இன்றும் மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கப்போட்டு நானும் தூங்கிவிட்டேன். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஜன்னலைத் தட்டி எழுப்பினார். திருட்டுப் பட்டத்தோடு இதுவும் சேர்ந்துகொள்ளும்.

மார்ச் 19

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலை பத்து மணிக்கு நிலக்ஷி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வயிறு கல் மாதிரி. இரண்டு தரம் பச்சையாக வாந்தி எடுத்தாள். மூன்றாம் தரம் வாந்தியோடு ஒன்று வந்து விழுந்தது. வெள்ளையாக, ஒரு சாண் நீளம். நெளிந்தது. மற்றப் பிள்ளைகள் கத்தின. நானும் கத்தியிருப்பேன், ஞாபகமில்லை.

சமையலுக்கு நிற்கும் பிரேமினியிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு, நிலக்ஷியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். கொழுந்து லொறிதான் வந்தது. வழியில் ஏழாம் நம்பர் மலையில் நிறுத்தி வீரம்மாவைக் கூப்பிட்டோம். கூடையைக்கூட இறக்காமல் ஓடி வந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். பிள்ளை என் மடியில் ஒரு பூனைக்குட்டிப் பாரம்தான் இருந்தது.

குடலில் பூச்சிகள் பந்தாகச் சுருண்டு அடைத்திருக்கிறதாம். நாளை வரை பார்ப்பார்களாம். இளகாவிட்டால் வயிற்றை வெட்ட வேண்டுமாம்.

மார்ச் 20

மூக்கில் குழாய். கையில் சேலைன். வீரம்மா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள், ஏறி உட்காரச் சொன்னாலும் கேட்கவில்லை. "பூச்சி மாத்திரை குடுத்தாங்களே டீச்சர், ஐப்பசியில. நானே முழுங்க வச்சேனே."

அதுதான் எனக்கும் விளங்கவில்லை.

மார்ச் 21

வெட்டவில்லை. இளகிவிட்டது. விடியற்காலை முதல் பூச்சிகள் வெளியே வரத் தொடங்கின.

மார்ச் 23

பிள்ளை கஞ்சி குடித்தாள். சிரித்தாள்.

ஆனால் வீரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருகிட்டயும் சொல்லிறாதீங்க டீச்சர், ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்" என்று அழுதாள். யாரிடம் சொல்லாமல் இருப்பது? லொறியில் வந்த செய்தி எங்களுக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்விட்டது. மேல் லயத்து வீட்டு வரிசையில் அவள் காம்பராப் பக்கம் பிள்ளைகளை விளையாட விடுவதில்லையாம். அவள் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். சாணம் போட்டு மெழுகி, பாத்திரத்தைச் சாம்பலில் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருப்பாள். என் வீடு அதில் பாதி சுத்தமில்லை.

வார்டு டாக்டர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். "ஒரு பிள்ளைக்கு இவ்வளவு இருந்தால் அந்த லயத்தில் ஒரு ஆளுக்கு மட்டும் இருக்காது. போய்ப் பாருங்கள்."

எப்படிப் பார்ப்பது?

ஏப்ரல் 4

நிலக்ஷியை மறுபடி காட்டக் கூட்டிப் போனபோது ஆய்வுகூடக் கதவைத் தட்டினேன். பயந்து பயந்துதான். உள்ளே ஒரு இளம் பெண். பெயர் ஊர்மிளா. யாழ்ப்பாணம், இங்கே வேலைக்கு வந்து ஒரு வருடம். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாம் பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏன் பிள்ளையளுக்கு மட்டும்? பெரிய ஆக்களுக்கும் பாப்பம். நீங்கள் கொண்டு வாங்கோ அக்கா. பெரிய டொக்டரிட்ட நான் கதைக்கிறன்."

பிறகு நுணுக்குக்காட்டியில் என்னைப் பார்க்கச் சொன்னார். முதலில் ஒன்றும் தெரியவில்லை, என் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. பொன் நிறத்தில், விளிம்பெல்லாம் சிறு சிறு மேடாக, ஒரு முட்டை. உண்மையை எழுதுகிறேன், அழகாக இருந்தது.

"ஒரு பெண் பூச்சி ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில முட்டை போடும். மண்ணில விழுந்தா வருசக்கணக்கில கிடக்கும். மாத்திரை வயித்தில இருக்கிறதைத்தான் கொல்லும். திரும்ப அதே மண், அதே தண்ணி எண்டால் மூண்டு மாசத்தில பழையபடி வந்திடும்."

வீரம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எங்கள் மேல் லயத்துக் கக்கூஸ் குழிகள் நிரம்பி மழைக்கு வழிகிற இடமும், பீலிக்குத் தண்ணீர் வருகிற ஊற்றும் ஒரே சரிவில்தான் இருக்கின்றன. எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். பார்த்தும் பார்க்காமல்.

புறப்படும்போது ஊர்மிளா மிஸ் சொன்னார்: "இதில என்ன வெக்கம்? உலகத்தில நாலைஞ்சு பேருக்கு ஒரு ஆளிட்ட ஏதோ ஒரு புழு இருக்குது. எனக்கும் சின்னனில இருந்தது."

மலம் எடுத்து வர நூறு குப்பிகள் தந்தார், மூடியோடு. பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது ஏதோ களவெடுத்தவள் மாதிரி இருந்தது.

ஏப்ரல் 17

வருடப் பிறப்பெல்லாம் முடிந்து வீடு வீடாகப் போனேன். அறுபது குப்பி கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், சிரித்தார்கள்.

ஏப்ரல் 19

திரும்பி வந்தது ஒன்று. வீரம்மாவுடையது.

தலைவர் செல்லசாமி பிள்ளைக் காம்பரா வாசலுக்கே வந்துவிட்டார். தொழிற்சங்கத் தலைவர், திருவிழாவுக்கும் அவர்தான் முன்னுக்கு நிற்பார். அவர் சொல்லைத் தட்டி இந்தத் தோட்டத்தில் யாரும் நடக்கமாட்டார்கள். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் பேசினார், அதுதான் வலித்தது.

"டீச்சரம்மா, நம்ம சனத்த டவுன்ல ஏற்கெனவே என்னா சொல்றானுங்க? பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்தா மூக்கப் பொத்துறானுங்க. நீங்க வேற போயி எழுத்துல குடுக்கப் போறீங்களா, ஆமா, நாங்க பூச்சி புடிச்சவங்கதான்னு?"

அவர் சொன்னது பொய் இல்லையே. ஹட்டன் பஸ்ஸில் எனக்கும் நடந்திருக்கிறது.

ஏப்ரல் 20

குப்பி கொடுக்காத வீடுகளில் என் வீடும் ஒன்று என்று இன்றுதான் உறைத்தது. கேட்டுப் போனவள் நானே கொடுக்கவில்லை. "நமக்கு எதுக்கு" என்றுதான் நானும் நினைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 22, திங்கள்

என்னுடையதையும் வீரம்மாவுடையதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்காரருடையதும். கேட்டதும் மறுபேச்சில்லாமல் தந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஊர்மிளா மிஸ் இரத்தமும் எடுத்தார்.

ஏப்ரல் 29

எனக்கு இருக்கிறது.

ஏப்ரல் 30

கொக்கிப்புழு. கால் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறுமாம். குடலில் பல்லால் பிடித்துக்கொண்டு இரத்தம் குடிக்குமாம். என் இரத்தம் ஏழு புள்ளி எட்டு. பன்னிரண்டு இருக்க வேண்டும்.

நான் எட்டு வருஷம் கொழுந்து எடுத்தேன். வெறுங்காலோட. மத்தவங்க மேட்டுல ஏறி கொழுந்து நிறுக்கத் திரும்பி வர்றப்ப நான் பாதி மலையில மூச்சு வாங்கிக்கிட்டு நிப்பேன். கங்காணி என்னா பேரு வச்சாரு? "தூங்குமூஞ்சி." காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுல எல்லாருக்கும் முன்னால கூப்புடுவாரு, தூங்குமூஞ்சி, ஒன்பதாம் நம்பருக்குப் போன்னு. எல்லாரும் சிரிப்பாங்க. என் மாமியார் சாகுற வரைக்கும் சொன்னாங்க, சோம்பேறியக் கட்டி வச்சிட்டோம்னு. நானும் நம்புனேன். அதான் இப்ப தாங்க முடியல. நானும் நம்புனேன். என் ஒடம்பே சோம்பேறி ஒடம்புன்னு நெனச்சி எத்தன நாள் கோயில்ல போயி அழுதிருக்கேன். எனக்கு வாய்ச்ச புத்தி அப்படின்னு. புத்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பூச்சி. ஒரு நகக்கண்ணு நீளம் இல்லாத பூச்சி.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் இருக்கிறது, வேறு ஜாதி. "எனக்கும்தான்" என்றார், ஏதோ சாமான் வாங்கி வந்தவர் மாதிரி. அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

மாத்திரை தந்திருக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையும்.

மே 3

இந்தத் தோட்டத்தில் இன்னும் எத்தனை தூங்குமூஞ்சிகள் இருக்கிறார்கள்?

மே 6, திங்கள்

பெரட்டுக்குப் போனேன். பிள்ளைக் காம்பராவுக்கு வந்த பிறகு காலைப் பெரட்டுக் களத்தில் நான் நின்றதே இல்லை. இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, கூடை மாட்டி, இருநூறு பேர் இருப்பார்கள். கண்டாக்கையாவிடம் இரண்டு நிமிடம் கேட்டேன். பிள்ளைகள் விஷயம் என்று நினைத்துத் தலையாட்டினார்.

என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

"எனக்குப் பூச்சி இருக்கு. ஆஸ்பத்திரியில பாத்தாங்க, கடுதாசி இந்தா இருக்கு. நான் இதே எடத்துல நின்னு தூங்குமூஞ்சின்னு பேரு வாங்குனவ. பன்னெண்டு இருக்க வேண்டிய ரத்தம் எனக்கு ஏழே முக்கா. மிச்சத்த இத்தன வருஷமா வயித்துக்குள்ள ஒரு கூட்டத்துக்கு ஊட்டி வளத்திருக்கேன். அது தெரியாம ஒங்க புள்ளைங்க சத்துமாவ நான் தின்னேன்னு நீங்க பேசுறீங்க. நான் திங்கல. ஒங்க புள்ளைங்க வயித்துல உள்ளது திங்குது."

ஒரு ஆள் சிரித்தான். பின்னால் யாரோ "சீ" என்றார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது மூன்றாம் வரிசையில் இருந்து வீரம்மா. அவள் நாலு பேர் முன்னால் பேசி நான் கேட்டதில்லை.

"என் புள்ளைக்கு அம்பத்தி மூணு வந்துச்சு. நர்ஸம்மாவோட நின்னு நான்தான் எண்ணுனேன். யாரு வூட்டுல என்னா இருக்குன்னு எண்ணிப் பாத்துட்டு அப்புறமா என் வூட்டப் பேசுங்க."

யாரும் சிரிக்கவில்லை. மழை தூறத் தொடங்கியது. அழகம்மாக்கா, ஓய்வு எடுக்கப் போகிற வயசு, கூடையைச் சரி செய்துகொண்டே என் பக்கம் வந்தார். "எனக்கு ஒரு டப்பா குடுடி. முப்பத்தஞ்சு வருஷமா எனக்குத் தல சுத்துது."

மே 8

காலையில் பிள்ளைக் காம்பரா வாசலில் முப்பத்தாறு குப்பிகள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பிளாஸ்டிக் சொப்பின் பையில் சுற்றி, முடிச்சுப் போட்டு. யார் எப்போது வைத்தார்கள் என்று தெரியாது. ஒன்றை வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

மே 10

தொண்ணூற்றாறு. குப்பி தீர்ந்துவிட்டது. சம்பல் போத்தலில் கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

பெயர் எழுதவில்லை, நம்பர் மட்டும். அவரவர் நம்பர் அவரவருக்குத்தான் தெரியும். அப்படியென்றால்தான் தருவோம் என்றார்கள், அதுவும் நியாயம்தான். கொழுந்து லொறிக்காரர் பெட்டியை முன் சீட்டில் ஏற்றமாட்டேன் என்றார். கடைசியில் நானே மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

மே 21

ஊர்மிளா மிஸ் தன்னுடைய ஓய்வு நேரத்தில், இரண்டு லீவு நாளையும் போட்டுப் பார்த்து முடித்திருக்கிறார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

தொண்ணூற்றாறில் அறுபத்தெட்டு.

பிள்ளைகள், பெரியவர்கள், மேல் லயம், கீழ் லயம், கிளாக்கர்மார் குவார்ட்டர்ஸ், எல்லா இடத்திலும். "இது ஊத்தை இல்லை அக்கா. இது தண்ணியும் கக்கூசும்" என்றார்.

மே 22

பட்டியலைப் பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்டினேன். நம்பர், அதற்கு நேரே என்ன பூச்சி. ஓ.எல். பரீட்சை முடிவு வந்த மாதிரிக் கூட்டம். விரலை வைத்துத் தேடினார்கள். கண்டுபிடித்தவர்கள் முதலில் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு பிள்ளையின் தாய், "எனக்கு இருக்கு, அவருக்கு இல்ல, இது எந்த ஊரு நியாயம்?" என்றாள். அத்தோடு உடைந்துவிட்டது. "ஒனக்கு?" "இருக்கு." "எனக்கும்." சிரிப்பு. பீலியில் போய் நின்றுகொண்டும் அதே பேச்சு. வீரம்மாவின் வாசலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு தலைவர் செல்லசாமி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவர் குப்பி கொடுத்தாரா என்றே எனக்குத் தெரியாது.

"இந்த நாப்பத்தொண்ணுக்கு நேரா ரெண்டு பேரு போட்டிருக்கே?"

"ரெண்டு ஜாதிப் பூச்சிங்க தலைவரே."

"நாப்பத்தொண்ணு யாரு?"

"எனக்குத் தெரியாதுங்க."

தலையாட்டினார். போய்விட்டார்.

மே 24

தலைவர் மறுபடி வந்தார். உள்ளே வந்து பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். "நாப்பத்தொண்ணு நான்தான்" என்றார். "சரி. இப்ப என்னா செய்யணும், சொல்லுங்க."

ஜூன் 3

எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை. சுகாதார அலுவலகத்தில் இருந்து பெட்டி பெட்டியாகத் தந்தார்கள். பெரட்டுக் களத்தில் வரிசை, ஒருவர் முழுங்குவதை அடுத்தவர் பார்க்க வேண்டும் என்பது தலைவர் போட்ட சட்டம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் டாக்டர் சொன்னபடி தனியாக. கண்டாக்கையாவும் முழுங்கினார். எனக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்த கங்காணியும் வந்தார், இப்போது ஓய்வு எடுத்துவிட்டார். என்னைப் பார்க்காமல் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். நானும் பார்த்தேன், முழுங்கியிருந்தார்.

ஜூன் 14

தோட்ட மேனேஜர் துரையிடம் போனோம். தலைவர், நான், வீரம்மா. கேட்டது இரண்டு: ஊற்றை மேலே காட்டோரம் கட்டி அங்கிருந்து பைப் போட வேண்டும், வழிகிற குழிகளை மூடி வீட்டுக்கு ஒரு கக்கூஸ் வேண்டும்.

துரை இளம் ஆள், தமிழ் நன்றாகவே பேசுவார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். "மாத்திரை குடுத்தாச்சுதானே? வருஷத்துக்கு ரெண்டு தரம் குடுக்கலாம். பைப் வேலை எல்லாம் அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருஷம் என்பது எங்களுக்குத் தெரியாத வார்த்தையா?

தலைவர் பட்டியலை விரித்தார். மரியாதையாகத்தான் சொன்னார். "தொரை, பங்களாவுக்குத் தண்ணி போற டேங்க் எங்க இருக்குன்னு தொரைக்குத் தெரியுமுங்களா? அதே ஊத்துலருந்துதான் அதுவும். எங்க பீலிக்கு இருவது அடி கீழ."

துரை ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் பையில் இருந்து ஒரு காலிக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போயிற்று. "மூடியில நம்பர் மட்டும் எழுதினாப் போதுங்க, தொரை. பேரு வேணாம்."

வீரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். துரை குப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸையும் பார்த்தார்.

வெளியே வந்து ஸ்டோர் திருப்பம் வரை வேகமாக நடந்தோம். அங்கே வந்ததும் தலைவர் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும் வரை.

ஜூன் 25

குப்பி திரும்பி வரவில்லை. ஆனால் பைப் லொறி வந்துவிட்டது. சீமெந்தும் வரும். வேலை நாங்கள் செய்ய வேண்டும். செய்வோம்.

ஜூலை 20, போயா விடுமுறை

சிரமதானம். எண்பது பேர். வீட்டுக்காரர் ஸ்டோரில் இருந்து பதினைந்து பேரைக் கூட்டி வந்தார். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அவர் சத்தம் போட்டுப் பேசினார், பைப்புக்குக் கான் வெட்டுகிற ஆட்களோடு. பெண்கள் கல் சுமந்தோம். நான் பதினொரு தரம் ஏறி இறங்கினேன்.

ஆகஸ்ட் 11

நாலு நாளாக ஓயாத மழை. வெட்டிய கானில் பாதி சரிந்து மூடிவிட்டது. மேல் லயத்தில் கட்டிய மூன்று சுவரும் விழுந்தன. ஆட்கள் சோர்ந்துவிட்டார்கள். "இதெல்லாம் நமக்கு வாய்க்காது" என்று இரண்டு பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 12

மழை.

ஆகஸ்ட் 18

வெயில். போன இரண்டு பேரும் வந்தார்கள். மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தோம்.

அக்டோபர் 6

தண்ணீர் வந்துவிட்டது. மேலே காட்டோரம் கட்டிய தொட்டியில் இருந்து, லயத்துக்கு லயம் நாலு டெப் குழாய். முதலில் பைப் இருமியது. காற்று, பிறகு செம்மண் தண்ணீர், பிறகு சுத்தமாக. அழகம்மாக்கா கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "ஒண்ணுமே ருசி இல்லியே" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதுதான் ருசி என்று ஊர்மிளா மிஸ் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

கக்கூஸ் முப்பத்தொன்று முடிந்தது. மிச்சம் தீபாவளிக்குப் பிறகு.

2025 ஜனவரி 30

நிலக்ஷி பள்ளிக்கூடம் சேர்ந்தாள். வெள்ளைச் சட்டை, சப்பாத்து. கடைசியாக அட்டையில் எழுதியது பதினாலரைக் கிலோ. போகும்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 24

இரண்டாம் தடவை பரிசோதனை. இந்தத் தடவை வீடு வீடாகப் போக வேண்டியிருக்கவில்லை. "எப்ப டீச்சர் டப்பா?" என்று வழியில் மறித்துக் கேட்டார்கள். நூற்று முப்பத்தொன்று கொடுத்தார்கள். லொறிக்காரர் முன் சீட்டைத் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்.

மார்ச் 10, திங்கள்

ஊர்மிளா மிஸ் போனில் கூப்பிட்டார். பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன், கை முழுக்கப் பருப்பு.

"அக்கா, இருந்து கேளுங்கோ."

"நின்னுக்கிட்டே கேக்குறேன் மிஸ், சொல்லுங்க."

"நூற்று முப்பத்தொண்டில பதினொண்டு."

நான் திரும்பக் கேட்டேன். திரும்பச் சொன்னார். பதினொன்று. "நான் மூண்டு தரம் பாத்தனான்" என்றார். அவர் குரலும் சரியில்லை. அவர் அழுதாரா நான் அழுதேனா, தெரியவில்லை. கொக்கிப்புழு ஒரே ஒரு ஆளுக்கு. அது நான் இல்லை. என் இரத்தம் பதினொன்று புள்ளி ஒன்பது.

பருப்புக் கையோடே பிரேமினியைக் கட்டிப்பிடித்துவிட்டேன். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் கை தட்டின. தட்டில் கரண்டியால் அடித்தன. விட்டுவிட்டேன், அடிக்கட்டும்.

சாயங்காலம் மலை இறங்கி வந்தவர்களிடம் தலைவர் ரோட்டில் நின்று சொல்லியிருக்கிறார். கீழ் லயத்தில் யாரோ வெடி கொளுத்தினார்கள். பூச்சி இல்லை என்பதற்கு வெடி போட்ட ஊர் வேறு இருக்குமா?

மார்ச் 12

டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து இரண்டு பெண்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். பீலியடியில் "பூச்சி டீச்சர் வூடு எது?" என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் சுருக்கென்றது. பிறகு இல்லை. அவர்கள் பிள்ளைகளின் அட்டைகளைக் கொண்டு வந்திருந்தார்கள். வருகிற ஞாயிறு வரச் சொன்னார்கள். ஊர்மிளா மிஸ் இருநூறு குப்பி தருவதாகச் சொன்னார்.

மார்ச் 16, ஞாயிறு

காலை பஸ்ஸில் போனோம், தலைவரும் வீரம்மாவும் நானும். கோயில் முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். அந்தத் தோட்டத்துத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எழுந்திருக்கப் போனேன். செல்லசாமித் தலைவர் கையைக் காட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றார்.

"நான் கொண்டைமலையில தலைவரு. மொதல்ல என் கதையச் சொல்றேன், அப்புறமா ஒங்க தலைவரு பேசட்டும்."

சொன்னார். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். சுவரில் நம்பரைத் தேடிய கதைக்குச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு வீரம்மா பேசினாள். சிரிப்பு நின்றது. ஓரமாக நின்ற அந்தத் தலைவர் கையைப் பிரித்துவிட்டு இரண்டு அடி முன்னால் வந்தார். ஒரு பெண் வந்து, நான் கேட்காமலே, என் மடியில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பிகளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. யாரோ ஒரு கிளாஸ் தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுவந்து தந்தார்கள். வெயில் நன்றாக இருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து குடித்தேன்.